கெட்டி மரச் சிலுவை

தச்சரை எல்லாரும், மூலை பார்க்கும் அவருடைய கருவியின் பெயரால், ‘மூலைமட்டம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆடுகிற நாற்காலி ஒன்று கண்ணில் பட்டால் போதும், அடுத்தவர் வீட்டு நாற்காலியாக இருந்தாலும் காலைச் சீவிச் சரி பண்ணாமல் அவருக்குத் தண்ணீர்கூட இறங்காது.

தவக்கால நடைப்பயணத்துக்கு வருடாவருடம் சிலுவை செய்துகொடுப்பதும் அவர்தான். மெல்லிய பலகைகளைப் பெட்டிபோல் கூட்டி, உள்ளே வெற்றிடம் விட்டு, மேலே கருப்பு வார்னிஷ் அடிப்பார். பார்த்தால் பாறை, தூக்கினால் பஞ்சு. இது அந்தப் பங்குக் கோயிலைச் சேர்ந்த எல்லாருக்கும் தெரியும். வெளியே சொன்னவர் ஒருவருமில்லை.

இந்த வருடம் அவர் பலகையைத் தொடவில்லை. பட்டறைச் சுவரோரம் கிடந்த உத்தரத்தை எடுத்து அறுத்தார். ஒரே மகனுக்காக மாடியில் அறை போட வாங்கிய மரம் அது. போன மழைக்காலத்தில், அப்பா ஏறச் சொன்ன கூரையிலிருந்து வழுக்கி விழுந்து அந்த மகன் செத்துப்போனான். அன்றிலிருந்து மனைவி தச்சரிடம் வாய் திறக்கவில்லை. வேளாவேளைக்குத் தட்டு வரும், பேச்சு வராது. அவரும் செபத்தை விட்டுவிட்டார். இந்தச் சிலுவை பக்தியில் செய்ததல்ல. எல்லாரும் சுமந்து பார்க்கட்டும் என்ற வயிற்றெரிச்சலில் செய்தது.

முதல் தெரு முடிவதற்குள் நான்கைந்து தோள்கள் மாறிவிட்டன.

“என்ன மூலைமட்டம், என்னை இன்னைக்கே பெட்டியில படுக்க வைக்கப் பாக்குறியா?” என்றார் பேக்கரிக்காரர். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

வெயில் ஏறியதும் தோள் கொடுக்க ஆளில்லை. பங்குச் சாமியார் அருகே வந்தார். “வேன்ல ஏத்திடலாம்பா. யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க.”

“வேணாம் சாமி. செஞ்சவனே சுமக்கிறேன்.”

மேடு தொடங்கியது. கூட்டம் முன்னே போய்விட, பாட்டு தேய்ந்து மறைந்தது. சிலுவையின் வால் தார்ச்சாலையில் கரகரவென்று உரசிக்கொண்டே வந்தது. தோள்பட்டை உரிந்து சட்டை ஒட்டிக்கொண்டது. கேட்பதற்கு ஒன்றுமில்லை, கேட்டாலும் கொடுப்பதற்கு ஒருவருமில்லை என்று நினைத்தபடியே நடந்தார். முழங்கால் மடங்கியது. விழுந்தார்.

எழுந்து மறுபடி தோளில் ஏற்றியபோது பாரம் குறைந்திருந்தது. கரகர சத்தமும் இல்லை.

“பேக்கரி, விடுய்யா. உனக்கு முதுகுவலி.”

“நான்தான்.”

வெகுநாள் திறக்காமல் இறுகிப்போன இழுப்பறையை இழுத்ததுபோல் இருந்தது மனைவியின் குரல். அவரால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. தோளில் மரம்.

“இது அவன் ரூமுக்கு வாங்குன மரம்தானே?”

“ஆமா.”

“சொல்லியிருந்தா முதல்லயே பிடிச்சிருப்பேன்.”

கொஞ்ச தூரம் நடந்தார்கள்.

“ஏறச் சொன்னது நான்தான்,” என்றார்.

“தெரியும்.” சிலுவையின் வால் பின்னால் இன்னும் கொஞ்சம் உயர்ந்தது. பிறகு, “கடவுளும் ஒத்தப் புள்ளையக் குடுத்தவர்தான்,” என்றாள்.

“அவருக்கு மூணாம் நாள் திரும்பக் கெடைச்சிட்டான்.”

பின்னால் மூச்சிரைப்பு மட்டும் கேட்டது. வாயைக் கொடுத்துக் கெடுத்துவிட்டோம், பழைய மௌனம் திரும்பிவிட்டது என்று நினைத்தார்.

“நமக்குக் கொஞ்சம் லேட்டாகும்,” என்றாள். “தோளை மாத்திக்கிட்டு நடங்க.”

மாற்றிக்கொண்டார். அந்தத் தோளும் வலித்தது. நடந்தார்கள்.