பனியில் விதைத்த பிரிம்ரோஸ்

என் வாயை அன்றைக்கே யாராவது தைத்திருக்க வேண்டும். அப்போது எனக்கு ஒன்பது வயது. வீட்டில் எதையாவது மறைக்க வேண்டுமென்றால் முதலில் என்னிடமிருந்துதான் மறைப்பார்கள். அதற்குக் காரணம் இருந்தது.

கனடாவில், மொன்ட்ரியால்-நோரில் ஒரு கீழ்வீட்டில் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்குப் பின்னால், பின்வளவின் ஒரு மூலையில் வெயில் விழாது. கோடையிலும் ஈரம் காயாது. அம்மாவின் தங்கையான என் சின்னம்மா அந்த மூலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். தனியாக வந்து எங்களோடு இருந்தவர் அவர். அவருடைய புருஷன், என் சித்தப்பா, இலங்கையில் போர் நடந்த வன்னியில் நின்றுவிட்டார். அவரைக் கூப்பிடுவதற்கான பத்திரங்கள் ஏதோவொரு அரசாங்கக் கந்தோரில் கிடந்தன.

மேல்வீட்டு மதாம்தான் பிரிம்ரோஸ் பூவிதை கொடுத்தாள். கடுகைவிடச் சிறியது. ஊரில் தோட்டம் செய்த வீட்டுப் பெண்ணல்லவா, சின்னம்மா மிளகாய் விதை போடுவதுபோல அதை மண்ணால் மூடி, குளிர் படாமல் ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்தார். ஒன்றும் முளைக்கவில்லை. மதாம் தலையில் கையை வைத்துக்கொண்டாள். மண்ணால் மூடக்கூடாதாம், வெளியே பனியில் வைக்கவேண்டுமாம். பிரெஞ்சில் அவள் சொன்னதை நான்தான் தமிழில் எடுத்துச் சொன்னேன்.

"குளிரில கிடந்தால்தான் முளைக்குமாமோ? விசர் விதை!" என்றார் சின்னம்மா.

ஆனாலும் செய்தார். அடுத்த மாரி முழுவதும் விதைத்தட்டு பின்படியில் பனிக்குள் கிடந்தது. பனி கரைந்து, பிறகும் வாரக்கணக்கில் காத்திருந்த பிறகு, குண்டூசித் தலையளவு பச்சை தெரிந்தது. அந்த வருடம் இலை மட்டும்தான். கன்றுகளை மூலையில் நட்டு, காயவிடாமல் தண்ணீர் விட்டு, நத்தை பொறுக்கி, இன்னொரு மாரியையும் தாண்டவைத்தார். "சித்தப்பா வரேக்க பூத்து நிக்கவேணும்" என்பார்.

மறு வசந்தத்தில் பூத்தது. இளமஞ்சள் பூ. அந்த வசந்தத்தில்தான் வன்னியிலிருந்து போன் வருவது நின்றது. பிறகு ஒருநாள் அப்பாவுக்கு மட்டும் ஓர் அழைப்பு வந்தது. சித்தப்பா செத்துப்போன சேதி. எனக்கும் தெரியாது, சின்னம்மாவுக்கும் தெரியாது. "பேந்து சொல்லுவம், பிறகு சொல்லுவம்" என்று அறைக்குள் அப்பா அம்மாவிடம் சொன்னது மட்டும் கேட்டது. வளர்ந்த மனிதர்கள் இரண்டு பேர், ஒருத்திக்கு உண்மையைச் சொல்லத் துணிவில்லாமல் திரிந்தார்கள். அதை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வெளிக்கிடும் நேரம் சின்னம்மாவின் தலையில் வைக்க இரண்டு பூப் பறித்து வந்தேன். குசினி அடுப்படியில் அம்மா கண்டுவிட்டார்.

"ஆருக்கு, பிள்ளை?"

"சின்னம்மாவுக்கு."

அம்மா பூவை என் கையிலிருந்து பறித்துச் சாமிப் படத்தடியில் வைத்தார். "அவளுக்கு இனிப் பூ என்னத்துக்கு?" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு வருடம் பாடுபட்டு வளர்த்தவருக்கு ஒரு பூ இல்லையா? நேரே பின்வளவுக்கு ஓடினேன். கோள் சொல்வதில்தான் எனக்கு எவ்வளவு உற்சாகம்!

"சின்னம்மா, உங்களுக்கெண்டு கொண்டுவந்த பூவை அம்மா பறிச்சிட்டா. உங்களுக்கு இனிப் பூ என்னத்துக்கெண்டு கேக்கிறா."

கோயிலுக்கு முன் நத்தை பொறுக்க வந்திருந்த சின்னம்மாவின் கை நின்றது.

"அக்கா அப்பிடியோ சொன்னவ?"

"ஓம். சாமியாணை, சொன்னவ."

சின்னம்மா அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். சத்தம் வரவில்லை, உடம்பு மட்டும் குலுங்கியது. இரண்டு பூவுக்கா இவ்வளவு அழுகை என்று நினைத்தேன். அம்மா வந்து தடுப்பதற்குள், மூலையில் நின்ற அத்தனை பூவையும், மொட்டைக்கூட விடாமல் பிடுங்கி, சட்டையில் அள்ளிவந்து அவர் மடியில் கொட்டினேன்.

"இந்தாங்கோ, எல்லாம் உங்களுக்குத்தான். வையுங்கோ."

அவர் ஒன்றைக்கூடத் தொடவில்லை. இவ்வளவும் பறித்துக் கொடுத்தும் வாங்கவில்லையே என்று எனக்குக் கோபம் வந்தது. அன்று முழுவதும் நான் சின்னம்மாவோடு கதைக்கவில்லை.