கிழிந்த ஸ்பீக்கருக்கு வந்த கிராக்கி

ஒரு விடுகதை. கல்யாண வீட்டுக்கு முதலில் வருவான், கடைசியில் போவான். எல்லோரையும் சாப்பிட அழைப்பது அவன் வைத்த மைக். அவனை மட்டும் யாரும் அழைப்பதில்லை. அவன் யார்?

நிதானமாக யோசியுங்கள். தெரியாதவர்களுக்கு விடை: மைக் செட்காரன். கள்ளக்குறிச்சியில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கும் என்னைப் போன்றவன். சத்தம் வேண்டும் என்பவர் வாடகை கொடுப்பார், வேண்டாம் என்பவர் திட்டுவார், இரண்டையும் வாங்கிக்கொள்ள வேண்டும். எங்கள் தொழில் அவ்வளவுதான். பக்கத்துத் தெரு விசேஷத்தால் தூக்கம் கெட்ட வாசகர்கள் இதைப் படித்து ஆறுதல் அடையலாம். என் காது உங்கள் காதைவிட அருகில் இருந்தது.

எலி செய்த உதவி

ஒரு நாள் மூன்று இளைஞர்கள் கடைக்கு வந்தார்கள். முன்னால் நின்றவன் சுகுமார், நெல் அறுவடை மிஷின் ஓட்டுகிறவன். கிடாரோடு நின்றவன் தினேஷ். டிரம்ஸ் குச்சியால் என் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தவன் பிரபு. ஹெவி ராக் குழு தொடங்கியிருக்கிறார்களாம். கத்திப் பாடுவது சுகுமார். குழுவின் பெயர் ‘கனரகம்’. புறவழிச்சாலையில், கனரக வாகனங்கள் ஊருக்குள் வரக் கூடாது என்று ஒரு பலகை இருக்கிறதல்லவா, அதைப் பார்த்து வைத்த பெயர். பலகையை முழுதாகப் படித்திருக்கலாம்.

புதுப் பெட்டிகளைப் போட்டுக் காட்டினேன். முகம் சுளித்தார்கள். சத்தம் சுத்தமாக வருகிறதாம்! மூலையில் ஒரு பழைய பெட்டி கிடந்தது. எலி கடித்து, உள்ளே ஸ்பீக்கரின் தாள் கிழிந்தது. எதைப் போட்டாலும் தகர டப்பாவில் சரளைக்கல்லை உருட்டுவது போலக் கேட்கும். தினேஷ் அதில் கிடாரைச் செருகி ஒருமுறை மீட்டினான். மூவரும் பக்தியோடு கண்ணை மூடிக்கொண்டார்கள். அந்தக் கரகரப்பை உண்டாக்குவதற்கென்றே தனிக் கருவி விற்கிறதாம். என்னிடம் எலி இலவசமாகச் செய்து வைத்திருந்தது. சுகுமார் பெட்டியைத் தடவிக்கொடுத்தான். “அண்ணா, இத மட்டும் ரிப்பேர் கிப்பேர் பண்ணிடாதீங்க.”

மாமன் மடி

சுகுமாருடைய அக்காள் கணவர் முருகேசன் உரக்கடை வைத்திருக்கிறார். மூன்று வயது மகள் யாழினிக்குக் காது குத்துவதாகவும், மைக் செட் வேண்டும் என்றும் சொல்ல வந்தார். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்துவார்கள். சுகுமார் ஒருவன்தான் கூடப் பிறந்த மாமன். தோடுகூட வாங்கி வைத்துவிட்டான். அந்த மடி மறுக்கப்பட்டால், சொந்தக்காரர் வீட்டு விசேஷம் எதிலும் அவன் தலைநிமிர்ந்து சோறு தின்ன முடியாது.

ஆனால் மடி கொடுக்க மனைவிக்கு ஒன்றுவிட்ட தம்பி ராஜசேகர் இருக்கிறார், வங்கியில் வேலை, மெதுவாகப் பேசுவார் என்று முருகேசன் எனக்கு விளக்கினார். சுகுமார் அப்போது என் கடைக்குள்தான் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தான். அவன் காதில் விழவேண்டும் என்றே குரலை உயர்த்தினார்: “பேய் மாதிரி கத்துறவன் மடியில எம் பொண்ண ஒக்கார வெக்க மாட்டேன். ஒன்னு கத்தல வுடட்டும், இல்ல மடிய வுடட்டும்!”

சுகுமார் ஒயரைச் சுற்றி முடித்தான். ஒத்திகைக்குப் போனான்.

பக்கத்து நிலத்துக்காரர்

ஒத்திகை நடந்த இடம் வடக்கனந்தல் பக்கம், தினேஷ் வீட்டுப் பம்புசெட் கொட்டகை. கரும்புக்கு நடுவில் இருப்பதால் யாருக்கும் தொந்தரவு இல்லை என்றார்கள். கரும்பிடம் யாரும் கேட்கவில்லை.

நான் பெட்டியை இறக்கிக் கொடுத்த அன்று, முதல் பாட்டு பாதி ஓடுவதற்குள் பக்கத்து நிலத்துக்காரர் கையில் ஸ்பேனரோடு ஓடிவந்தார். மோட்டாருக்குப் பேரிங் போய்விட்டது என்று நினைத்திருக்கிறார். மோட்டாரைத் தொட்டுப் பார்த்தார், சில்லென்று இருந்தது. சுவிட்சைப் பார்த்தார், அணைந்திருந்தது. பிறகு மூவரையும் வரிசையாகப் பார்த்தார். “மோட்டாரு நல்லாதான் இருக்குது. அப்ப உங்களுக்கு இன்னாடா ஆச்சி?”

பாதிப்புகள்

கல்லூரி மலருக்காக ஒரு மாணவர் என் கடைக்கே வந்து அவர்களைப் பேட்டி எடுத்தார். உங்களைப் பாதித்த குழுக்கள் எவை என்பது முதல் கேள்வி. சுகுமார் உண்மையைச் சொன்னான். அறுவடை மிஷின் மேலே உட்கார்ந்து, இன்ஜின் இரைச்சலை மீறிக் கீழே நிற்பவர்களிடம் கத்திக் கத்தித்தான் அவனுக்கு அந்தத் தொண்டை வந்தது. தினேஷின் அப்பாவுக்கு உளுந்தூர்பேட்டையில் டீக்கடை. லாரிகளின் ஏர் ஹாரன் கேட்டு வளர்ந்தவன். கிடாரில் அவன் தேடுவது அதைத்தான். பிரபுவுக்கு அம்மன் கோயில் பம்பை மேளம். மூன்றும் நேர்மையான பதில்கள். கேட்டால் பாட்டிலும் தெரியும்.

மாணவர் ஒரு வரிகூட எழுதவில்லை. பிரபுவின் பனியனில் அச்சடித்திருந்த ஆங்கிலப் பெயரை மட்டும் எழுத்துக்கூட்டிக் குறித்துக்கொண்டார். “இந்த மிஷினு, லாரியெல்லாம் மலர்ல போட மாட்டாங்க. வெளிநாட்டுப் பேரா இன்னும் ரெண்டு சொல்லுங்க.”

முதல் மேடை

மணலூர்பேட்டையில் ஒரு கல்யாண வரவேற்பு. வரவேண்டிய பாட்டுக் கச்சேரிக்காரர்கள் வரவில்லை. என்னுடைய போதாத வேளை, கனரகத்தை ஏற்றிவிட்டேன். முதல் பாட்டில் முன்வரிசைக் குழந்தைகள் எழுந்து ஆடினார்கள். இரண்டாவது பாட்டில் முன்வரிசைப் பெரியவர்கள் பின்வரிசைக்குப் போனார்கள். மூன்றாவதில் பந்தி நிரம்பிவிட்டது. பசியில்லாதவர்களும் போய் உட்கார்ந்துவிட்டதாகச் சமையல்காரர் குறைப்பட்டார்.

கைவசம் இருந்த பாட்டு எல்லாவற்றையும் பாடி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, சுகுமார் சபைக்குக் கைகூப்பினான். பெண்ணின் அப்பா மேடையருகே வந்தார். பொறுமையான மனிதர். “செக்கிங் பண்ணது போதும்ங்க. பாட்ட ஆரம்பிங்க.”

மலை கொடுத்த புகழ்

கல்வராயன் மலையில் ஒரு திருவிழாவுக்கு அழைப்பு வந்தது. கொண்டை ஊசி வளைவுகளில் பெட்டியை நான்தான் கட்டிப்பிடித்துக்கொண்டு போனேன். மேடைக்குப் பின்னால் முழுக்க மரவள்ளிக் காடு. கிழங்கு முற்றிய சமயம். மக்கள் அமைதியாகக் கேட்டார்கள். கைதட்டவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை. தோல்வி என்று நினைத்து, காலையில் ஒயரைப் பிடுங்கிக்கொண்டிருந்தோம்.

ஊர்ப் பெரியவர் சிரித்த முகத்தோடு வந்தார். விடிந்ததும் காட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். பக்கத்து ஊர்க்காரர்கள் இருவர் கூடவே நின்றார்கள், தங்கள் ஊருக்கும் குழுவைக் கூப்பிடுவதற்காக. கனரகம் ஒரே இடத்தில் இரண்டாம் முறை அழைக்கப்பட்டது அன்றுதான். பெரியவர் சுகுமாரின் தோளைத் தட்டினார். “ஒரு காட்டுப் பன்னிகூட கெழங்குல வாய் வெக்கலப்பா. இன்னைக்கும் இருந்து பாடிட்டுப் போங்க.”

பந்தல்

காது குத்து நாள் வந்தது. சுகுமார் என் உதவியாள் என்ற பெயரில் வந்து, ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் நின்றான். சட்டைப் பையில் தோடு இருந்தது. ராஜசேகர் புது வேட்டியில் மடியைத் தயார் செய்து உட்கார்ந்திருந்தார். குழந்தையை வைத்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்தார். யாழினி கத்தினாள்.

அந்தக் கத்தலை நான் தொழில்முறையில் எடைபோட்டேன். தொடக்கத்தில் கனம், நடுவில் உடையாத இழுப்பு, கடைசியில் கரகரப்பு. கனரகத்தின் பாதிப்பு சந்தேகமில்லாமல் தெரிந்தது. திமிறி இறங்கி, பந்தல் காலைப் பிடித்துக்கொண்டாள். பொம்மை காட்டினார்கள், பலூன் காட்டினார்கள். கத்தல் ஏறியது.

சுகுமார் மைக் இல்லாமல், மெதுவாக, அதே மாதிரி கத்தினான். குழந்தை நிறுத்திக் கேட்டாள். பிறகு பதிலுக்குக் கத்தினாள். அவன் கத்தினான். அவள் சிரித்தாள். பந்தலில் இருந்தவர்கள் முருகேசனைப் பார்த்தார்கள். ஆசாரி ஊசியைக் கீழே வைத்தார். “யாரு மடின்னு சீக்கிரம் சொல்லுங்க, நல்ல நேரம் போய்க்கினே இருக்குது.”

முருகேசன் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் அவரைப் பார்த்த பார்வைக்கு ஆம்ப்ளிஃபையர் தேவைப்படவில்லை. “என்னக் கேக்காதீங்க. பாப்பாவையே கேளுங்க!”

சுகுமார் கீழே உட்கார்ந்து கை நீட்டினான். ராஜசேகர் சாக்லேட்டோடு கை நீட்டினார். ஆக, எலி கடித்த ஒரு ஸ்பீக்கரால் ஓர் இசைக்குழு பிறந்து, ஒரு வரவேற்பு கெட்டு, மலையில் பன்றிகள் பட்டினி கிடந்ததற்கெல்லாம் தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு ஒரு மூன்று வயதுக் குழந்தையிடம் வந்து நின்றது.

யாழினி சாக்லேட்டை வாங்கிக்கொண்டாள். சுகுமார் மடியில் போய் உட்கார்ந்தாள்.