வாழ்த்து அட்டையின் வலது பக்கம்

அக்காவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு ஒரு வாழ்த்து அட்டை வாங்கப் போனேன். மில்லிக்கனில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட உள்ள பிளாசாவின் மருந்துக் கடையில், இருமல் மருந்துக்கும் குடைகளுக்கும் நடுவே, அட்டைகளுக்கென்று ஒரு முழுச் சுவர் இருக்கிறது. 'சகோதரிக்கு' என்று எழுதிய தட்டில் இருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தேன். ஆங்கிலத்தில், எதுகையோடு, ஒரு பெண்ணை வர்ணித்திருந்தார்கள். அவள் என் இரகசியங்களைக் காப்பவள். என் முதல் தோழி. என்னோடு சேர்ந்து வைன் குடித்துச் சிரித்தவள். நல்ல பெண்ணாகத்தான் தெரிந்தாள். எனக்குத்தான் அவளைப் பழக்கமில்லை.

என் அக்கா வேறு ஆள். ஸ்ரௌவ்வில்லில் வீடு. சொந்தத்தில் எந்தக் கலியாணம் என்றாலும் மண்டபத்தின் சமையலறை வாசலில் நிற்பவர் அவர்தான். வடை முடியப்போகிறது என்பது சமைத்தவருக்குத் தெரிவதற்கு முன் அக்காவுக்குத் தெரியும். அப்படிப்பட்டவர் அந்த வசந்தகாலம் முழுவதும் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. இருதயத்தில் ஒரு வால்வு சரியாக வேலை செய்யவில்லை, மாற்ற வேண்டும் என்று வைத்தியர்கள் சொல்லியிருந்தார்கள். மாற்றாவிட்டால் அடுத்த பனிக்காலம் சந்தேகம் என்பதை அக்காவின் கணவரான அத்தானிடம் தனியாகவும் சொல்லியிருந்தார்கள். அக்கா "மாட்டன்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். காரணம் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. எங்கள் குடும்பத்தில் யாராவது நோய் வருத்தமாகக் கிடந்தால் அவரிடம் வெயிலைப் பற்றியும் வீட்டு விலையைப் பற்றியும் பேசுவோம். ஆஸ்பத்திரியிலிருந்து நாள் குறிக்கக் கேட்டு வரும் அழைப்புகளை அத்தான் எடுத்து, அக்கா யோசிக்கிறா என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறந்தநாளுக்குக் கேக் வேண்டாம், ஆட்கள் வேண்டாம் என்றும் உத்தரவு. அத்தான் கெஞ்சியதில் நான், மனைவி, மகள் மூவரும் தேத்தண்ணிக்கு மட்டும் வரலாம் என்று அனுமதி கிடைத்தது. வெறுங்கையோடு போக முடியாது. வைன் குடிக்கும் சகோதரியைக் கொண்டுபோகவும் முடியாது. ஆகவே நானே ஓர் அட்டை செய்வதென்று தீர்மானித்தேன். மகள், இரண்டு நிமிடத்தில் கணினியில் செய்து தருவதாகச் சொன்னாள். அப்படிச் சொன்ன பிறகு கையால் செய்வதைத் தவிர எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

ஐம்பது தாண்டிய ஒருவன் கத்தரிக்கோலும் பசையும் வாங்குவதைப் பலர் பார்க்கக் கூடாது என்று தூரத்துக் கடை ஒன்றுக்குப் போனேன். தடித்த தாள் ஒரு கட்டு வாங்கினேன். முதல் தாளை மடித்தபோது மடிப்பு வெடித்துப் பல்லுப் பல்லாகத் தெரிந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைத் தற்செயலாகத் திருப்பிப் பிடித்து மடித்தேன், அது வாழைக்குருத்துப் போல மடிந்தது. எனக்கு ஆச்சரியமாகிவிட்டது. ஒரு கட்டுத் தாளையும் நீளப்பாட்டுக்கும் அகலப்பாட்டுக்கும் வளைத்து வளைத்துப் பார்த்தேன். தாளுக்குள்ளே நார் ஒரு பக்கமாக ஓடுகிறது. அந்தப் பக்கம் மடித்தால் ஒத்துழைக்கும். குறுக்கே மடித்தால் முறைக்கும். வாழ்நாள் முழுக்கத் தாளோடு சீவித்தவன், எத்தனையோ புத்தகங்களின் மூலையை மடித்தவன், இதைக் கவனித்ததேயில்லை. இரவுச் சாப்பாட்டில் இதை அறிவித்தேன். மனைவி சோற்றைப் போட்டுக்கொண்டே, நல்ல விசயம், கரண்டி ஏன் முழுக்கப் பசையாக இருக்கிறது என்று கேட்டார். மடிப்பை அழுத்திவிடக் கரண்டியின் முதுகைப் போல் ஒன்று கிடையாது என்பதும் என் கண்டுபிடிப்புத்தான். அதை அறிவிக்கவில்லை.

அடுத்த பிரச்சினை எழுத்து. ஆங்கிலத்தில் வாழ்த்துகிறவனுக்கு இடம் மிஞ்சுகிறது. தமிழில் 'அறுபதாவது பிறந்தநாள் வாழ்த்துகள்' என்பது புறப்பட்டால் நிற்காத வசனம். என் முதல் அட்டையில் இடம் முடிந்து, 'பிறந்தநாள் வாழ்' என்று அது ஒரு கட்டளையாக நின்றுவிட்டது.

உள்ளே என்ன எழுதுவது என்பது அதைவிடப் பெரிய கேள்வி. ஒரு தம்பி அக்காவுக்குத் தமிழில் என்ன சொல்வான்? எனக்கு உண்மையாகவே அறிய வேண்டும் போலிருந்தது. எங்கள் வீட்டில் பிறந்தநாளன்று "சாப்பிட்டியோ?" என்று கேட்பார்கள். மற்ற நாட்களிலும் அதைத்தான் கேட்பார்கள். அலுமாரியிலிருந்த பழைய கவிதைத் தொகுதிகளை இறக்கினேன். அரசனை வாழ்த்தியிருக்கிறார்கள். மழையை, மலையை, யானையை வாழ்த்தியிருக்கிறார்கள். காதலியின் ஒவ்வோர் அங்கத்துக்கும் உவமை இருக்கிறது, அதில் ஒன்றையும் அக்காவுக்கு எடுக்க முடியாது. முந்தைய வாரம் வரைக்கும் தமிழ் பெரிய மொழி என்று நம்பியிருந்தவன், அக்காமாரைப் பற்றி அது வாயே திறக்கவில்லை என்று கண்டு கொஞ்சம் மனம் நொந்தேன்.

பிறகு ஒரு ஞாயிறு காலை வசனம் தானாக வந்தது. அவ்வளவு தங்குதடையில்லாமல் வந்ததே என்று நான் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

*பாசத்தின் உறைவிடமே! பண்பின் சிகரமே!*
*குடும்பத்தின் குலவிளக்கே!*
*உங்கள் புன்சிரிப்பு என்றும் எம் நெஞ்சைவிட்டு அகலாது.*

அதை அட்டையின் அடியில் எழுதினேன். மேலே அக்காவின் படம் வேண்டும் என்று தோன்றியது. ஒரு கலியாணப் படத்திலிருந்து அவர் முகத்தை முட்டை வடிவத்தில் வெட்டி நடுவில் ஒட்டினேன். சுற்றவரப் பொன்நிறக் கோடு போட எண்ணியிருந்தேன், அந்தப் பேனா தாளில் பிடிக்கவில்லை, கறுப்பில் போட்டேன். இரண்டு மேல்மூலையிலும் குத்துவிளக்கு. படத்துக்கு இடப்பக்கம் 'மலர்வு' என்று எழுதி அதன் கீழ் பிறந்த திகதி. வலப்பக்கத்திலும் ஏதோ ஒன்று வர வேண்டும் என்று கை சொல்லியது. என்னவென்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. வெற்றிடமும் ஓர் அழகுதான் என்று விட்டுவிட்டேன்.

மனைவிக்குக் காட்டவில்லை, அவருக்கும் ஓர் ஆச்சரியமாக இருக்கட்டும் என்று. மகள் மட்டும் எட்டிப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"அப்பா, இற்ஸ் வெரி... சீரியஸ்," என்றாள்.

பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ஸ்ரௌவ்வில்லில் அக்கா சாப்பாட்டு மேசையின் தலைமாட்டில் சால்வை போர்த்திக்கொண்டு இருந்தார். முகம் மெலிந்திருந்தது. வெயில் நல்லது என்றோம். பக்கத்து வீடு விற்றுப்போன விலையைப் பேசினோம். அது முடிந்ததும் நான் உறையை அத்தானிடம் நீட்டினேன். அவர்தான் கிட்ட இருந்தார். மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு அட்டையை எடுத்தார். அவர் முகம் மாறியது. தலையை மெல்ல ஆட்டி, நாக்கால் 'ச்சு' என்றார்.

அந்த முகத்தை அக்கா மேசையின் அந்தக் கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆர் செத்துப்போனது?" என்று கேட்டார்.

அத்தான் விழித்தார். "ஒருத்தரும் இல்லை," என்று அட்டையைக் குப்புற வைத்தார்.

எனக்கு அந்தக் கணத்தில்தான் விளங்கியது. தமிழ்க்கடை வாசலில் அடுக்கி வைத்திருக்கும் இலவசப் பத்திரிகைகளை வருடக்கணக்காகப் பின்பக்கத்திலிருந்து வாசித்து வந்திருக்கிறேன். அங்கேதான் மரண அறிவித்தல்கள். கறுப்புக்கோடு, முட்டை வடிவப் படம், குத்துவிளக்கு, நெஞ்சை விட்டு அகலாத புன்சிரிப்பு. இடப்பக்கம் மலர்வு. வலப்பக்கம் உதிர்வு. எனக்குப் பிடிபடாமல் நின்ற சொல் அது.

மேசைக்குக் கீழே மனைவி என் காலை மிதித்தார். மகள் கூரையைப் பார்த்தாள்.

"கொண்டாங்கோ உந்த அட்டையை," என்றார் அக்கா.

அத்தான் கொடுத்தார். அக்கா அட்டையை எட்டப் பிடித்துப் பார்த்தார். கிட்டப் பிடித்தும் பார்த்தார். கண்ணாடியைக் கேட்டு வாங்கி, ஒரு வரி விடாமல் வாசித்தார். அந்த வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இவ்வளவு சத்தம் போடும் என்பதை நான் அன்றுவரை அறிந்திருக்கவில்லை.

"மலர்வு போட்டிருக்கிறாய், தம்பி. மற்றப் பக்கம் ஏன் வெறுமையா விட்டனி? பிறகு நிரப்பவோ?"

நான் அட்டை செய்யும் கலையைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். தாளின் நார் ஓட்டம் வரைக்கும் போனதாக ஞாபகம். அக்கா கேட்கவில்லை. அவருடைய தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறார் என்று நினைத்து அத்தான் பாதி எழும்பிவிட்டார். அழவில்லை. சத்தமில்லாமல், நெஞ்சைக் கையால் பொத்திக்கொண்டு, மாதக்கணக்காக நாங்கள் காணாத ஒரு சிரிப்பு.

"நான் எப்பயடா பாசத்தின்ர உறைவிடம்? நீ பள்ளிக்கூடத்துக்கு ஒளிச்சதுக்கு அகப்பைக் காம்பால அடிச்சனான்."

ஓம், காம்பு முறிந்தது என்றேன். அதை எழுதியிருக்கலாமே என்றார். பிறகு அட்டையைக் கீழே வைக்காமலே, இந்த வசனம் எல்லாம் இருக்கட்டும், உண்மையாக ஒருநாள் போட வேண்டி வந்தால் என்ன எழுதுவாய் என்று கேட்டார். பகிடியாகக் கேட்கவில்லை. அவருக்கு அறிய வேண்டியிருந்தது. அந்த மேசையில் அந்தப் பேச்சை எடுத்த முதல் ஆள் அவர்தான். மகள்தான் தன் பாதித் தமிழில், "அப்பிடி ஒண்டும் போட வராது மாமி, சேர்ஜரி செய்தா," என்றாள். பெரியவர்கள் மாதக்கணக்காகச் சுற்றிச்சுற்றி நடந்த இடத்தில் அவள் நேரே போய் நின்றாள். "வை டோன்ற் யூ வோன்ற் இற்?" என்று, ஏன் வேண்டாம் என்பதையும் ஆங்கிலத்தில் கேட்டுவிட்டாள்.

அக்கா அட்டையின் வெறுமையான பக்கத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"சாகப் பயமில்லை," என்றார். "போன முறை பித்தப்பை எடுக்கேக்க மயக்க மருந்து தந்தவை எல்லே. எழும்பினா, பக்கத்தில ஒரு மனுசன் நிக்கிறார். ஆரெண்டு எனக்குத் தெரியேல்ல. நல்ல மனுசன் போலக் கிடந்தது. என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார், ஆரோ ஓர் ஆள்." அத்தானைப் பார்க்காமல் சொன்னார். "கனநேரம் தெரியேல்ல. பிறகு மெல்ல மெல்ல ஞாபகம் வந்தது. நான் ஒருத்தருக்கும் சொல்லேல்ல. இது பெரிய ஒப்பரேசன். இந்த முறை திரும்பி வராட்டி?"

அத்தான் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அதுக்கோ என்னைப் பார்த்து, 'பெரிய உபகாரம், நீங்கள் போகலாம்' எண்டு சொன்னனீர்?"

"ஓம்."

"நான் நீர் கோவமாக்கும் எண்டு நினைச்சன். வெளியில போய் ஒரு கோப்பி குடிச்சிட்டு, என்ன பிழை விட்டனான் எண்டு யோசிச்சுக்கொண்டு நிண்டனான்."

இதைக் கேட்டு முதலில் சிரித்தது என் மனைவி. அதன் பிறகு எவர் எதற்குச் சிரித்தோம் என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

மயக்க மருந்துக்குப் பிறகு அப்படித் தடுமாறுவது உண்டு, வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று மனைவி சொன்னார். மறுநாள் அத்தானும் அக்காவும் போய்ச் சொன்னார்கள். இரண்டொரு பரிசோதனை செய்தார்கள், மருந்தைக் கவனித்துக் கொடுப்பதாகச் சொன்னார்கள். நாள் குறித்தார்கள். அக்கா ஒரு நிபந்தனை வைத்தார். கண் விழிக்கும்போது கண்ணுக்கு நேரே ஓர் அட்டை நிற்க வேண்டும், அதில் யார் யார் என்ன முறை என்று படத்தோடு இருக்க வேண்டும். அதை நான்தான் செய்ய வேண்டும். கறுப்புக்கோடு கூடாது.

இப்படி ஓர் அட்டை எந்த மருந்துக் கடைச் சுவரிலும் இல்லை. தானாக நிமிர்ந்து நிற்க வேண்டும் என்பதால் மூன்றாக மடித்தேன், நார் ஓடும் பக்கமாக. எழுத்துப் பெரிதாக, வசனம் சின்னதாக. அக்கா தொலைபேசியில் சொல்லச் சொல்ல எழுதினேன். 'இது ஆஸ்பத்திரி. ஒப்பரேசன் முடிஞ்சுது. பயப்பிட வேண்டாம். இவர் உன்ர மனுசன். போகச் சொல்லாதை.' அடுத்த மடிப்பில், வேறு ஊர்களில் வேலை செய்யும் அக்காவின் பிள்ளைகள். எனக்குக் கீழே 'தம்பி. அறிவாளி எண்டு நினைப்பு' என்று போடச் சொன்னார். மாற்றிப் போடவா என்று கேட்டேன். சொன்னதை எழுது என்றார்.

அத்தானின் படத்தில்தான் இழுபறி. தலைமயிர் நிறைய இருந்த காலத்துப் படம் ஒன்றை அவர் அனுப்பினார். உந்தப் படத்தைப் போட்டால் நினைவு நன்றாக இருந்தாலும் ஆளை அடையாளம் பிடிக்க முடியாது என்று அக்கா அறிவித்தார். கடைசியில் அத்தான் சமையலறையில் நின்று, சிரிக்காமல், ஒரு புதுப்படம் எடுத்து அனுப்பினார்.

சத்திரசிகிச்சையன்று நானும் அக்காவின் பிள்ளைகளும் கீழ்மண்டபத்தில் காத்திருந்தோம். ஓர் ஆள் மட்டும் உள்ளே போகலாம் என்றார்கள். அத்தான் அட்டையை உடுப்புக்குள் வைத்துக்கொண்டு போனார். நெடுநேரம் கழித்து இறங்கி வந்தவர், எங்கள் முன்னால் கதிரையில் அமர்ந்து, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கண் முழித்துவிட்டதாகச் சொன்னார். மேசையில் அட்டை நிற்க மறுத்ததால், வாசிக்க வசதியாக இருக்கட்டும் என்று தானே இரண்டு கையாலும் உயர்த்தி அக்காவின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றாராம். அக்கா கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாராம். வாசிக்கிறார் என்று இவர் இன்னும் கொஞ்சம் கிட்டக் கொண்டுபோயிருக்கிறார். அக்கா குழாய் பூட்டிய கையை மெல்லத் தூக்கி அட்டையை ஒரு பக்கமாக ஒதுக்கினாராம்.

"மறைக்காதேங்கோ," என்றாராம். "உங்களைத் தெரியேல்ல."