மீட்டர் கண்ணாடியில் ஒரு பொட்டு

இன்ஜினுக்குள் காற்றைத் திணித்துப் பிழைக்கிற தொழில் என்னுடையது. சூப்பர்சார்ஜர் என்றால் அதுதான், காற்றை அமுக்கி உள்ளே அனுப்பும் கருவி. கூடப் போகிற காற்றுக்கு ஏற்றபடி பெட்ரோலும் கூடப் போக வேண்டும். போகாவிட்டால் பிஸ்டன் உருகிவிடும். கிள்ளானில் பதினெட்டு வருடமாக இதைச் செய்கிறேன். வாடிக்கையாளரோடு மாரடித்தே பாதி ஆயுளைத் தொலைத்த சக தொழிலாளிகளே, இந்தக் கதையில் வரும் தப்பு வாடிக்கையாளருடையது அல்ல.

பெட்டியில் இல்லாதவை

சுபாங் ஜெயாவிலிருந்து சேகர் வந்தார். பின்சீட்டில் சூப்பர்சார்ஜர் கிட் பெட்டி, முன்சீட்டில் ஏழு மாதக் கர்ப்பிணியான மனைவி வாணி. பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு இன்னும் என்னென்ன வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். பெரிய பெட்ரோல் பம்ப், பெரிய இன்ஜெக்டர், வேறு பிளக், மூன்று மீட்டர். சேகர் நான் எழுதிய துண்டுச் சீட்டை மேலும் கீழும் பார்த்தார்.

“அண்ணே, பெட்டியில கம்ப்ளீட் கிட்டுன்னு போட்டிருக்கு லா. நீங்க என்ன, கல்யாணத்துக்குச் சாமான் வாங்கற மாதிரி எழுதறீங்க?”

மூன்று மீட்டர்

காற்றழுத்த மீட்டர் ஒன்று போதும் என்றார். அதில் ஊசி ஏறுவதை நண்பர்களுக்குக் காட்டலாம். ஆயில் மீட்டரையும் பெட்ரோல் கலவை மீட்டரையும் காட்டி யாரும் பெருமையடிப்பதில்லை. கலவை மீட்டர் இல்லாமல் காரில் கை வைக்க மாட்டேன் என்று நானும் பிடிவாதமாக நின்றேன். ஒரு தாளில் மீட்டரை வரைந்து காட்டினேன். உச்சி நடுவில் பதின்மூன்று. வேகமாக மிதிக்கும்போது ஊசி அங்கே வந்தால் பெட்ரோல் பற்றவில்லை என்று அர்த்தம், உடனே காலை எடுத்துவிட வேண்டும். சேகருக்கு அரை மனசுதான். வாணிதான் முடித்து வைத்தார்.

“போடுங்கண்ணே. கெட்ட சேதி சொல்றதுக்கும் காடியில ஒன்னு இருக்கட்டும்.”

பூசை

வேலை முடிந்தது ஒரு வெள்ளிக்கிழமை. காலையிலேயே பூசை. தேங்காய், சூடம், நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம். இது இல்லாமல் என் ஒர்க்‌ஷாப்பிலிருந்து எந்தக் காரும் வெளியே போகாது. ஸ்டியரிங்குக்கு, பானெட்டுக்கு, புது சூப்பர்சார்ஜருக்கு என்று சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே வந்தவன், அதே கையோடு மூன்று மீட்டருக்கும் வைத்தேன். பொட்டு எங்கே வைப்போம்? உச்சி நடுவில்தான். கட்டைவிரல் அகலத்துக்குத் தாராளமாக வைத்தேன்.

என்னோடு வேலை செய்யும் சீனப் பையன் ஆ செங் எட்டிப் பார்த்து ஒன்று சொன்னான். அவன் சொன்னது நியாயம் என்று அப்போதே தெரியும். வைத்த பொட்டை உடனே அழிக்க மனசு வரவில்லை. அப்புறம் துடைக்கச் சொல்லலாம் என்றிருந்து, சொல்லாமலே அனுப்பிவிட்டேன்.

“பாஸ், கண்ணாடி மேல போடாத லா. நம்பர் மறையுது.”

பெடரல் ஹைவே

மூன்றாவது வாரம் ஒரு மத்தியானம் சேகர் போன் செய்தார். புது பெட்ரோல் பம்ப் திணறியிருக்கிறது. இன்ஜின் வலது தடத்தில், ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டது. பின்னால் வந்த வேன் ஒரு முழத்தில் விலகிப் போயிருக்கிறது. யார் யாரோ சேர்ந்து காரை ஓரத்துக்குத் தள்ளியிருந்தார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது வாணி வயிற்றைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். ஒன்றும் ஆகவில்லை. கார் கதவைத் திறந்தேன். கலவை மீட்டரில் பொட்டு காய்ந்து இறுகிக் கிடந்தது. சாமி பொட்டு என்று சேகர் அதில் விரல்கூட வைக்கவில்லை. நகத்தால் சுரண்டினேன். அடியில் பதின்மூன்று தெரிந்தது. வாணி என் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

“அவரு மீட்டரப் பாத்துக்கிட்டேதாண்ணே ஓட்டினாரு. ஊசியே தெரியல, பொட்டுதான் தெரியுதுன்னு சொல்லிச் சிரிச்சோம்.”

மூன்றாவது பிஸ்டன்

இன்ஜினைப் பிரித்தால் மூன்றாவது பிஸ்டனில் ஓட்டை. பம்ப் மேல் பழியைப் போட்டிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. இரண்டு நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், சொல்ல வெட்கமாக இருக்கிறது. மூன்றாம் நாள் இருவரையும் வரச் சொல்லி, பொட்டு வைத்தது நான், துடைக்கச் சொல்லாததும் நான், இன்ஜினை நானே சரிசெய்து தருகிறேன் என்றேன். சேகர் வெகுநேரம் அந்த ஓட்டையில் விரலை விடுவதும் எடுப்பதுமாக இருந்தார். திட்டினால் தேவலை போலிருந்தது.

“சாமி மேல கோவம் இல்லண்ணே, உங்க மேலதான். நீங்களா சொல்லலேன்னா காடிய வேற ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துக்கிட்டுப் போயிருப்பேன். செஞ்சு குடுங்க. ஆனா மொத ஓட்டம் உங்க சம்சாரத்த பக்கத்துல உக்கார வச்சு நீங்க ஓட்டணும்.”

ஓட்டினேன், கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வரை என் மனைவி மூன்று மீட்டரையும் வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தாள், பதினெட்டு வருடமாக அடுத்தவர் குடும்பத்தை ஏற்றி அனுப்பிய எனக்கு அன்றுதான் தொழில் பிடிபட்டது.