மூன்றாவது தடவை கேட்கும் வரை

மார்லிஸ் டோலஃப்சனை அடங்காப்பிடாரி என்று சொன்னவர்கள் எங்கள் அலுவலகத்தில் உண்டு. சொல்லிவிட்டுப் போகட்டும். பக்கத்து மேசையில் பதினோரு வருஷம் உட்கார்ந்தவன் நான்.

அமெரிக்காவின் வடகோடியில் பனி கொட்டும் ஊரான டுலூத்தில் நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடும் வேன் கம்பெனி எங்களுடையது. பாதிப்பேர் டயாலிசிஸ்காரர்கள். ஒருமுறை தவறினாலே உடம்பில் நீர் ஏறிவிடும். மார்லிஸ் இருபத்திரண்டு வருஷம் அங்கே போன் எடுத்தவள். யார் வீட்டு நாய் கடிக்கும், யார் வாசலில் பனி அள்ளியிருக்காது, எல்லாம் அவளுக்கு அத்துபடி.

போன வருஷம் கம்ப்யூட்டரில் தானாகவே வேலை பார்க்கும் ஏஐ ஏஜென்ட் ஒன்று வந்தது. பயணம் பதிவு செய்ய, வேனை மாற்ற, செய்தி அனுப்ப, பயணத்தை ரத்து செய்ய என்று அதன் கையில் தனித்தனிக் கருவிகள். எந்தக் கருவியை அது தன்னிஷ்டத்துக்கு ஓட்டலாம், எதற்கு மனுஷரைக் கேட்க வேண்டும், எதைத் தொடவே கூடாது என்று விதி எழுதும் வேலை மார்லிஸ் தலையில் விழுந்தது. கம்ப்யூட்டர் படித்தவளா என்றால் இல்லை. எங்கே கை வைத்தால் ஆள் போய்விடுவான் என்று தெரிந்தவள். ரத்துக் கருவியைக் 'கேட்டுச் செய்' பட்டியலில் போட்டாள். ஏஜென்ட் கேட்க வேண்டியது அவளைத்தான்.

ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை. காலையில் பனிப்புயல் எச்சரிக்கை. ஏஜென்ட் எல்லோருக்கும் 'ரோடு மோசம், வேன் அவசியம் வேண்டுமா?' என்று செய்தி அனுப்பியது. பதினான்கு பேர் 'வேண்டாம், பரவாயில்லை' என்று பதில் போட்டார்கள். பதினான்கு ரத்தும் மார்லிஸ் திரையில் வரிசைகட்டி நின்றன. அவள் ஒன்றுக்கும் 'சரி' அழுத்தவில்லை.

மேலாளர் ட்ரெவர் வந்தான். பனியே பார்க்காத ஃபீனிக்ஸிலிருந்து வந்து நாலு மாசம்தான் ஆகியிருந்தது.

"என்ன மார்லிஸ், ஒரு மணி நேரமா அப்படியே கெடக்கு? அவங்களே வேணாம்னுட்டாங்களே!"

"ட்ரெவர், நேத்து நான் கேக் நீட்டினதும் டக்குனு எடுத்துத் தின்னீங்க. இந்த ஊர்ல வேற யாராவது அப்படித் தின்னு பாத்திருக்கீங்களா?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உண்மைதானே? இங்கே ஒரு வாய்க் காபிக்குக்கூட இரண்டு தடவை வேண்டாம் என்பார்கள். மூன்றாவது தடவை கேட்டால்தான் கோப்பையை நீட்டுவார்கள். முதல் தடவையே கை நீட்டுவது எங்களுக்கு வெட்கக்கேடு.

ட்ரெவர் முகம் சிவந்துவிட்டது. "ரத்துக் கருவியை இன்னைக்கே 'கேட்காமல் செய்' பட்டியலுக்கு மாத்துங்க. இல்லேன்னா இந்த வேலைக்கு வேற ஆளைப் பாத்துக்கறேன்."

"முதல்ல ஒரு போன் போடுங்க. நீங்களே போடுங்க. பட்டியல்ல முதல்லயே இருக்கார் பாருங்க, ஆர்விட் லுண்டீன். எண்பத்தொரு வயசு, டயாலிசிஸ்."

எங்களுக்கும் கேட்கும்படி போட்டான். "வேன் வேணாம்னு சொன்னீங்களா சார்?"

"ஆமாங்க. இந்தப் பனியில எதுக்கு? டிரைவர் பாவம். நான் பாத்துக்கறேன்."

ட்ரெவர் எங்களைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினான். அவன் வைப்பதற்குள் மார்லிஸ் போனைப் பிடுங்கினாள்.

"ஆர்விட், மார்லிஸ் பேசறேன். வேன் எப்படியும் உங்க தெரு வழியாத்தான் போகுது."

"ஐயோ, எனக்காக வேணாம்மா."

"சீட்டு சும்மாத்தான் கெடக்கு, ஆர்விட்."

"உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா... வரலாம்தான்."

"கிளம்ப எவ்வளவு நேரமாகும்?"

"ஆறு மணியிலேருந்து கோட்டு போட்டுக்கிட்டு ஜன்னல்கிட்டதான் நிக்கறேன்."

அப்போது மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது.

மிச்சம் பதின்மூன்று பேரையும் அவளே கூப்பிட்டாள். பதினொரு பேர் வந்தார்கள். இரண்டே பேருக்குத்தான் நிஜமாகவே வேண்டாம்.

இதற்குமேலாவது வாயை மூடுவான் என்று பார்த்தால், ட்ரெவர் சொல்கிறான்: "தினம் தினம் போன் பண்ண யாருக்கு நேரம் இருக்கு? கருவியை மாத்துங்க." எனக்கு ரத்தம் கொதித்தது.

"மாத்தறேன்" என்று மார்லிஸ் உட்கார்ந்தாள். மாற்றினாள், 'தொடவே கூடாது' பட்டியலுக்கு. "இனிமே அது என்னைக் கேக்கக்கூடச் செய்யாது. ரத்து பண்ணணும்னா மனுஷங்க பேசித்தான் பண்ணணும். பிடிக்கலேன்னா நீங்களே மாத்திக்குங்க. மாத்தறப்ப கம்ப்யூட்டர் காரணமும் பேரும் கேக்கும், உங்க பேரைப் போடுங்க."

நாற்காலியைத் தள்ளிக்கொடுத்தாள். ட்ரெவர் உட்கார்ந்தான். காரணம் என்ற இடத்தில் அவள் எழுதியிருந்தாள்: 'ஆர்விட் மூன்று மணி நேரம் கோட்டு போட்டுக்கொண்டு நின்றார்.' அந்த வரியை அழித்துவிட்டுத்தான் அவன் தன் காரணத்தை எழுத முடியும். விசைப்பலகையில் கையை வைத்தான். பிறகு கையை எடுத்துவிட்டு எழுந்து போய்விட்டான்.

ஆனால் மறுநாள் மார்லிஸுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. 'சொன்னதைச் செய்யாதது என் தவறு' என்று எழுதி, கீழே அவள் கையெழுத்துக்கு இடம். பேனாவை நீட்டினான் ட்ரெவர். "வேணாம்" என்றாள். மத்தியானம் மறுபடி நீட்டினான். "வேணாம்." நாலு மாசத்தில் ஊர் வழக்கம் கொஞ்சம் பிடிபட்டிருந்தது போல, சாயங்காலம் நம்பிக்கையோடு மூன்றாவது தடவை வந்தான்.

"வேணாம், ட்ரெவர்" என்றாள் மார்லிஸ்.

அவன் பேனாவை மூடினான். அவள் எழுதிய விதி இன்னும் அப்படியே இருக்கிறது.