மூன்று கரண்டிச் சர்க்கரை

ஆய்வுக்கூடத்தில் அவளைக் கூண்டக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பன்னிரண்டு வருடமாக அங்கே எலிகளைப் பார்த்துக்கொள்கிறாள். கூண்டுக்கு இரண்டு புட்டிகள். ஒன்றில் சர்க்கரைத் தண்ணீர், மற்றதில் எண்ணெய் கலந்து பால்போல் வெளுத்த நீர். காலையில் அவற்றைக் கழற்றி எடைபோட்டு, எந்த எலி எதை எவ்வளவு குடித்தது என்று எழுதுவாள். பிறகு இடது புட்டியை வலப்பக்கம் மாற்றி மாட்டுவாள். பழக்கதோஷத்தில் எலி ஒரே பக்கம் குடித்துவிடக் கூடாதே.

“ஒன்பதாம் நம்பர் எண்ணெய்ப் பைத்தியம், மேடம். சர்க்கரையைத் திரும்பிக்கூடப் பாக்காது.”

ஆராய்ச்சி செய்யும் மேடம் நோட்டைப் புரட்டிப் பார்த்துச் சிரிப்பார். “உன்னைக் கேட்டே கட்டுரை எழுதிடலாம் போல.”

அவள் கணவனுக்குச் சரக்குக் கப்பலின் இயந்திர அறையில் வேலை. வருடத்தில் ஒன்றரை மாதம்தான் வீடு. கல்யாணமாகி எட்டு வருடம். சேர்ந்திருந்த நாட்களைக் கூட்டினால் ஒரு வருடம் தேறும். இந்த முறை அவன் வந்த காலையில், தேநீரில் மூன்று கரண்டி சர்க்கரை போட்டாள். ரொட்டியில் வெண்ணெயைத் தாராளமாகத் தடவினாள். அவன் அந்த வெண்ணெயைக் கத்தியால் ஓரமாக வழித்தான். தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தான்.

“நல்லா இல்லையாங்க?”

“நல்லாதான் இருக்கு. இப்பல்லாம் இனிப்பு இறங்க மாட்டேங்குது. நாள் பூரா எண்ணெய் நாத்தத்துல நிக்கறேனா, வெண்ணெயும் பிடிக்கல.”

“எப்பலேருந்து?”

“ரெண்டு வருஷம் இருக்கும்.”

“போன தடவை சாப்பிட்டீங்களே?”

“ஆசையா கொடுத்தே. எப்படி வேணாம்னு சொல்றது?”

அவள் முகம் சுண்டிப்போனது. அன்று ஆய்வுக்கூடத்தில் எடை எழுதும்போது இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தினாள்.

மறுநாளிலிருந்து ஒவ்வொரு வேளையும் அவனைக் கேட்டுவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைத்தாள்.

“நான் என்ன விருந்தாளியா? நீ எது கொடுத்தாலும் சாப்பிடுவேன்.”

“அதைத்தான் வேணாங்கறேன்.”

கொஞ்சம் கொஞ்சமாக அவன் வாய் திறந்தான். புளிப்பு பிடிக்கிறதாம். மிளகு தூக்கலாக இருக்க வேண்டுமாம். காய் முக்கால் வேக்காடு போதுமாம். அவள் கை அதற்குப் பழகி வந்த வாரம் விடுப்பு முடிந்தது.

இப்போதெல்லாம் கப்பலிலிருந்து போன் வந்தால் அவள் முதலில் கேட்பது சாப்பாட்டைத்தான். போன வாரமும் கேட்டாள்.

“மீன் போட்டான். உப்பே இல்ல. நீ செஞ்சா...”

லைன் அறுந்தது. அடுத்த துறைமுகத்துக்குப் பதினொரு நாள், அதுவரை போன் பேச முடியாது என்று முன்பே சொல்லியிருந்தான். தெரிந்தும், போனை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.