பூஜையில் வைத்த ஆணி கன்

விஜயதசமி காலையில் பூஜை எடுத்தபின் ஒரு ஆணியாவது அடிக்கவேண்டும். எங்கள் வீட்டில் அப்படித்தான். அஷ்டமி சாயங்காலம் வேலைச் சாமான்களைச் சாமி முன்னால் வைத்துவிட்டால் பிறகு தொடக்கூடாது. எடுக்கிற அன்றைக்குக் குளித்து, விளக்கேற்றி, துண்டுப் பலகையில் பேருக்கு ஒரு வேலை செய்துவிட்டுத்தான் காப்பி. போன வருஷமும் பலகையை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் இடது கையால் கன்னை எடுத்துப் பலகைமேல் வைத்து அழுத்தினார். புஸ்ஸென்று காற்று மட்டும் வந்தது. ஆணி வரவில்லை.

இன்னொரு தரம் அழுத்தினார். அதே சத்தம்தான்.

"என்ன பிள்ளே, சாமி முன்னால இருந்துட்டு வந்து கொட்டாவி விடுது" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

கன் என்றால் ஆளைச் சுடுகிறதில்லை, மரத்தில் ஆணி அடிக்கிறது. கம்பிரசரிலிருந்து ஒரு குழாய் வழியாகக் காற்று வரும். விரலால் லேசாக அழுத்தினால், தலையே இல்லாத மாதிரி மெல்லிய ஆணி ஒன்று டப்பென்று மரத்துக்குள் போய்விடும். சுத்தியல் பிடிக்கிற பலம் வேண்டாம். அதனால்தான் அது எங்களுக்கு அவ்வளவு பெரிய சாமான்.

அவர் மரவேலைக்காரர். கல்யாணமான புதிதில் நாகர்கோவில் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்தோம். ஸ்ரீவராகம் கோயிலுக்குப் பின்னால் வாடகை வீடு. மேசிரி என்று யாராவது வாசலில் வந்து கூப்பிட்டால் அது அவரைத்தான். பக்கவாதம் வந்தபோது காலும் பேச்சும் போய்த் திரும்ப வந்தன. வலது கை மட்டும் வரவில்லை. சுத்தியலை ஓங்கினால் பாதியில் நழுவிவிடும். சாப்பாட்டுக்கு ஒன்றும் முட்டில்லை. ரேஷன் அரிசி உண்டு, மகளும் மாசாமாசம் அனுப்புவாள். அதில்லை விஷயம். காலையில் எழுந்து சட்டை போட்டுக்கொண்டு, போக ஒரு இடமில்லாமல் கட்டிலில் உட்கார்ந்திருப்பார். மத்தியானம் சட்டையைக் கழற்றி மாட்டுவார். இதைத் தினமும் பார்த்துக்கொண்டு நான் எப்படிச் சோறு பொங்குகிறது?

அப்போதுதான் அவருக்குப் பழக்கமான ஒரு காண்டிராக்டர் பெரிய மிஷின் வாங்கிவிட்டுத் தன் பழைய கன்னையும் குட்டிக் கம்பிரசரையும் கொடுத்தார். இடது கையிலே பிடித்து ஒரு பலகையில் டப் டப்பென்று அடித்துப் பார்த்தார். மறுநாள் போட்ட சட்டை சாயங்காலம் வரை உடம்பில் இருந்தது.

பெரிய வேலை ஒன்றுமில்லை. அலமாரி விளிம்பில் பீடிங் என்கிற மெல்லிய மரச்சட்டம் அடிப்பது, ஜன்னலுக்குக் கொசுவலைச் சட்டம் அடிப்பது. சட்டத்தை நான் பிடிப்பேன், அவர் அடிப்பார். எனக்கு வெளி ஆட்கள் முகத்தைப் பார்த்துப் பேச வராது. சின்ன வயசிலிருந்தே அப்படி. அஞ்சாம் கிளாஸோடு நின்றதற்கும் அதுதான் பாதிக் காரணம். ஆனால் இந்த வேலையில் நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துத்தானே நிற்கிறோம். எனக்கு அது ஒத்துப்போயிற்று.

விஜயதசமிக்கு வருகிறேன். காப்பி குடிக்காமலே கன்னைப் பிரிக்க உட்கார்ந்தோம். அவர் சொல்லச்சொல்ல நான் செய்தேன். முதலில் காற்றுக் குழாயைக் கழற்றச் சொன்னார். அதைக் கழற்றாமல் கை வைத்தால் விரல் போய்விடும் என்று எப்போதும் சொல்வார். பிறகு ஆணிப் பட்டியை உருவி எடுத்தேன். ஆணி வெளியே வருகிற மூக்குப் பக்கத்துத் திருகுகளை எடுத்ததும் உள்ளே வளைந்து மடங்கிய ஆணிகள் தெரிந்தன. குறடால் இழுத்துப்போட்டேன். அவ்வளவுதான், சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

ஆணி ஓடுகிற சின்ன வழியில் மஞ்சளாக என்னவோ கெட்டியாக ஒட்டியிருந்தது. அவர் நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தார்.

"சந்தனம்" என்றார்.

அவர் வைத்ததுதான். உளி, இழைப்புளி, வாள் எல்லாவற்றுக்கும் வைத்த மாதிரி கன்னுக்கும் வைத்தார். மற்றதற்கு நான் வைத்தாலும் ஒன்றும் சொல்லமாட்டார், கன்னை மட்டும் தொடவிடவில்லை. அது அவர் கையில் உள்ள தொழில். பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனத்தை இடது கையால் மூக்கில் நிறைய அப்பி, மேலே குங்குமமும் வைத்து, மூக்கு மேலே பார்க்கிற மாதிரி சுவரில் சாய்த்து வைத்திருந்தார். அது உள்ளே இறங்கி, தொடாமல் இருந்த நாட்களில் சிமெண்ட் மாதிரி காய்ந்திருக்கிறது. எத்தனை வருஷமாக ஆயுதங்களுக்குச் சந்தனம் வைக்கிறோம். உளிக்கு என்ன ஆகும், துடைத்தால் போயிற்று. இதற்குள்ளே ஓட்டை இருக்கிறது என்று சாமி கும்பிடுகிற நேரத்தில் யாருக்குத் தோன்றும்?

என் தையல் ஊசியால் குத்தி எடுத்தோம். மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தோம். ஆணியைத் தள்ளுகிற தகடு பாதி இறங்கி அப்படியே நின்றது, ஏறவும் இல்லை. அவருக்குப் பொறுமை போய்விட்டது. கன்னை முழங்காலுக்கு நடுவில் இடுக்கி, தகட்டு நுனியில் திருப்புளியைச் செருகி என்னைப் பிடிக்கச் சொன்னார். இடது கையால் சுத்தியலை எடுத்துத் தட்டினார். வேண்டாம், கடையில் கொடுப்போம் என்றேன். காதில் வாங்கவில்லை. ணங்கென்று ஒரு சத்தம் கேட்டது. தகட்டின் நுனி ஒடிந்து தரையில் கிடந்தது. விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

சாலைக் கடைத்தெருவில் மிஷின் ரிப்பேர் பார்க்கிற ஒருவரிடம் கொண்டுபோனோம். மலையாளத்துக்காரர், எங்களைக் கண்டதும் தமிழில்தான் பேசுவார். பிரித்துப் பார்த்துவிட்டு, இந்த மாடல் இப்போது வருவதே இல்லை, தகடும் கிடைக்காது என்றார். வேறொன்றின் தகட்டைத் தேய்த்துப் போட்டுப் பார்க்க முடியாதா என்று இவர் கெஞ்சினார். அவரும் பாவம், தேய்த்துப் போட்டார். முதல் ஆணி நேராகப் போயிற்று. இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அடுத்தது பாதியில் மடங்கி நின்றது, பக்கத்தால் காற்றும் சீறியது.

"அண்ணாச்சி, இதுக்கு வயசாயிப்போச்சு. விட்டுடுங்க" என்றார் ரிப்பேர்க்காரர்.

மிஷினைத்தான் சொன்னார். ஆனாலும் இவர் அதை வாங்கித் துண்டில் சுற்றுகிறபோது முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மகளிடம் சொல்லிப் புதிது வாங்கினோம். கடைக்காரர் அடிக்கிற விதத்தைக் காட்டினார். இது புது மாதிரி, மூக்கில் ஒரு கம்பி உண்டு, அதை மரத்தில் நன்றாக அமுக்கினால்தான் ஆணி வரும், சும்மா பிடித்து அழுத்தினால் வராது, கை காலில் பட்டுவிடக்கூடாது என்று அப்படிச் செய்திருக்கிறார்கள் என்றார். "அது நம்ம வீட்டுக்காரிக்குத்தான் நல்லது. அவ கைதானே எப்பவும் குறுக்க நிக்கும்" என்று இவர் சிரித்தார். மேசைமேல் கிடந்த பலகையில் வைத்து, உடம்பை மேலே சாய்த்து அமுக்கினார். டப்பென்று போயிற்று. இன்னொன்று அடித்தார். எனக்கு உயிர் வந்தது.

மேசைமேல் கிடக்கிற பலகையும் நிமிர்ந்து நிற்கிற அலமாரியும் ஒன்றல்ல என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

அந்த வாரமே ஒரு ஃபிளாட்டில் வேலை வந்தது. அந்த வீட்டில் ஒரு டீச்சர். படுக்கையறை அலமாரியின் மேல் விளிம்பில் பீடிங் கழன்றுவிட்டது. நான் ஸ்டூலில் ஏறிச் சட்டத்தைப் பிடித்தேன். அவர் கீழே நின்று கையை உயர்த்திக் கன்னை வைத்தார். அமுக்கினார். கம்பி உள்ளே போகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் அமுக்கினார். கன் வழுக்கி, பளபளவென்றிருந்த கதவில் நீளமாக ஒரு கோடு விழுந்தது.

டீச்சர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பரவாயில்லை என்றார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது, திட்டியிருந்தாலும் தேவலை. என் வீட்டுக்காரர் வலது கையைத் தூக்கி இடது கைமேல் வைத்து அமுக்கப் பார்த்தார். அது பக்கத்தில் தொங்கிப்போயிற்று. நான் ஸ்டூலிலிருந்து இறங்கி அவர் முழங்கைக்குக் கீழே என் தோளைக் கொடுத்து முட்டுக்கொடுத்தேன். இரண்டு பேரும் சேர்ந்து தள்ளினோம். ஒரு வீட்டுப் படுக்கையறையில், யாரோ பார்க்க, கிழவனும் கிழவியும் அலமாரியோடு மல்லுக்கு நின்றோம்.

அவர் கையைக் கீழே இறக்கினார்.

"நீ அடி" என்றார்.

"எனக்குத் தெரியாதுங்க."

"எல்லாம் தெரியும். அடி."

மறுபடி ஸ்டூலில் ஏறினேன். அவர் ஒரு முனையை இடது கையால் தாங்கிக்கொண்டார். நான் ரெண்டு கையாலும் கன்னைப் பிடித்து அமுக்கினேன். டப். ஆணி நேராகப் போயிற்று. அடுத்ததும் போயிற்று. எங்கேயாவது ஒன்றாவது கோணிப்போகட்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டே அடித்தேன். ஒன்றும் கோணவில்லை. மரத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாத என் கைக்கு எல்லாம் ஒழுங்காகப் போயிற்று.

டீச்சர் சாயா கொண்டுவந்தார். இனி அம்மைதான் மேசிரி, இல்லையா என்று மலையாளத்தில் சொல்லிச் சிரித்தார். நல்ல மனசோடுதான் சொன்னார். இவரும் கூடச் சிரித்தார். சாயாவை மட்டும் முழுதும் குடிக்கவில்லை.

ஆட்டோவில் வரும்போது கம்பிரசர் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது. மறுநாள் அவர் சட்டை போடவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. நான் அடிக்கிறேன், நீங்கள் கூட வந்து நில்லுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். எதுக்கு, வேடிக்கை பார்க்கவா என்று கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் தனியாகப் போகலாம் என்றால் முன்பின் தெரியாத வீட்டு வாசலில் நின்று பெல் அடிக்கக்கூட என்னால் ஆகாது. அப்படியே போனாலும், அது அவர் சட்டையை நான் போட்டுக்கொண்டு போன மாதிரி இருக்கும்.

கொஞ்ச நாள் கழித்து அவர் போன் அடித்தது. அவர் எடுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"ஆளில்லன்னு சொல்லு."

நான் போனில் வெளி ஆளோடு பேசினதே இல்லை. மறுபக்கம் ஒரு ஆண் குரல் மேசிரி இல்லையா, கொசுவலை அடிக்க வேண்டும் என்றது. ஆளில்லை என்றேன். எப்போது வருவார் என்று கேட்டது. தெரியாது என்று சொல்லி வைத்துவிட்டேன். அவர் எதிரில் கட்டிலில்தான் உட்கார்ந்திருந்தார்.

"என்ன வேலையாம்?"

"கொசுவலை."

"எத்தனை ஜன்னலாம்?"

நான் கேட்கவில்லை என்றேன்.

"கேட்டிருக்கலாம்" என்றார்.